கட்டுப் பிரிக்கும் நேரத்து வலி

கேள்வி: அடுப்புத் தீ பட்டதில் என் எட்டு வயது மகளின் இடது கை வெந்துவிட்டது. இரண்டு நாளுக்கு ஒரு முறை கட்டு மாற்றுகிறார்கள். வலி மருந்து கொடுத்தும், டிரெஸ்ஸிங் வண்டி உருளும் சத்தம் கேட்டதுமே நடுங்கி அழுகிறாள். மருந்தைத் தவிர வேறு வழிகளிலும் வலியைக் குறைக்க இயலுமா?

பதில்: இயலும், அம்மா. ஆனால் மருந்தை விட்டுவிட்டுச் செய்யக்கூடியது எதுவும் இதில் இல்லை. எல்லாமே மருந்தோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை. அம்மருந்து வேலை செய்யச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால், அதைக் கொடுத்து எவ்வளவு நேரம் கழித்துக் கட்டைப் பிரிக்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டிச் சத்தத்துக்கே அவள் நடுங்குவதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். முன்பு பட்ட வலியை நினைத்து உடல் இறுகிக்கொள்கிறது. அந்த அச்சமே வலியைப் பெருக்குகிறது. வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில், தண்டுவடத்திலேயே அதைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய ஒரு வாயில் உண்டு என்றும், மூளையின் கவனமும் உணர்ச்சியும் அந்த வாயிலைப் பாதிக்கின்றன என்றும் 1965இல் மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் விளக்கினார்கள். தீக்காய நோயாளிகள் கட்டு மாற்றும்போது பனி உலகில் விளையாடுவதற்கென்றே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தலையில் மாட்டும் கருவியில் தெரியும் மெய்நிகர் விளையாட்டு ஒன்றை உருவாக்கியதும் இந்த அடிப்படையில்தான். அந்தக் கருவி இல்லையென்றால், அவளே பதில் சொல்லும்படியான கதையோ படப் புதிரோ போதும். வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதைவிட, மனம் வேலை செய்யும் விளையாட்டே நன்று.

என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட அதிகம் உதவுவது, குழந்தையின் கையில் கொஞ்சம் அதிகாரத்தைக் கொடுப்பதுதான். யார் தொட்டாலும் அலறிய ஒரு சிறுவனின் கட்டை வெதுவெதுப்பான சலைனில், அதாவது மருத்துவ உப்புநீரில், நன்றாக ஊறவிட்டு, கைகழுவச் செய்து, துணியின் ஓரத்தை அவனையே எடுக்கச் சொன்னேன். நூல் நூலாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தான். நான் எடுப்பதைவிட இரு மடங்கு நேரமானது. ஆனால் அன்று அவன் அலறவில்லை. உங்கள் மகளுக்கும் இது பொருந்துமா என்று செவிலியரிடம் கேளுங்கள். கையை உயர்த்தினால் நிறுத்துவோம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். உயர்த்தியதும் உண்மையிலேயே நிறுத்த வேண்டும். 'வலிக்காது' என்று மட்டும் சொல்லாதீர்கள். அது பொய்யென்று தெரிந்த பிறகு அவள் எதையும் நம்பமாட்டாள். அடுத்து என்ன நடக்கும், எப்படி இருக்கும் என்று சொன்னாலே போதும்.

நீங்கள் அவள் தலைமாட்டில், முகத்துக்கு நேராக அமர்ந்து, மூச்சை நீளமாக வெளியே விடச் சொல்லுங்கள். மெழுகுவத்தியை ஊதி அணைப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்வது பலருடைய வழக்கம். தீ சுட்ட குழந்தையிடம் நான் இறகை ஊதச் சொல்வேன். அறை கதகதப்பாக இருக்கட்டும். தோலிழந்த உடல் எளிதில் குளிர்ந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் வலிக்கு 0 முதல் 10 வரை அவளையே மதிப்பெண் சொல்லச் செய்து குறித்து வையுங்கள். எண் இறங்காவிட்டால் மருந்தின் அளவை மறுபடி பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். திடீரென ஏறினால் புண்ணில் தொற்று உண்டா என்று அன்றே பார்க்கச் சொல்லுங்கள்.