டாடா மொபைல் பிக்கப் வண்டியின் தரைத் தகட்டில் துரு: பட்டி வேண்டாம்

வணக்கம் நண்பரே. அப்பா ஓட்டிய 1991 டாடா மொபைல் பிக்கப் வண்டியைப் பழையபடி மீட்கப் போகிறீர்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. டிரைவர் காலடித் தகடு துருப்பிடித்திருக்கிறது, டிங்கர் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) போட்டு பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். பட்டிக்கு அடியில் துரு நிற்காது, உள்ளேயே பரவும். என் வண்டியில் அப்படிச் செய்து, ஒரே மழைக்காலத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. விரலால் அழுத்தினால் தகடு பிஸ்கட் மாதிரி உடைந்தது.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். காலடி விரிப்பை எடுத்துவிட்டு ஒருவர் உள்ளே உட்கார, இன்னொருவர் முன்கண்ணாடி மேல் ஹோஸைப் பிடிக்கட்டும். பெரும்பாலும் கண்ணாடி ரப்பர்தான் காரணமாக இருக்கும். அதை மாற்றாமல் தகடு வேலை செய்வது வீண். அப்புறம் சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, மொத்தையாகக் கேட்கும் இடத்தில் சந்தேகப்படுங்கள்.

துருப்பிடித்த தகட்டை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, புதுத் தகட்டை வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். கீழ்ப்பக்கமும் எபாக்ஸி பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) வேண்டும்.

பழைய நிறத்தையே எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டீர்களே? டாஷ்போர்டுக்குப் பின்னால் வெயில் படாத இடத்தில் பழைய பெயின்ட் அப்படியே இருக்கும். அதைக் காட்டிக் கலக்கச் சொல்லுங்கள். 1948 சிசி டீசல் எஞ்சின் ஓடுகிறது என்றால் அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.