முதல் நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் ஆராதனையில் பாடினார்களா? எப்படிப் பாடினார்கள்?

எங்கள் சபைப் பாடகர் குழுவில் பல வருடமாகப் பாடுகிறேன். பாட்டெல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்ததுதானே என்று நீங்கள் கேட்டதற்கு முதல் பதில்: இல்லை, ஆரம்பத்திலிருந்தே இருந்தது. இராப்போஜனம் முடிந்து ஒலிவமலைக்குப் புறப்படும் முன் இயேசுவும் சீஷர்களும் ஸ்தோத்திரப்பாட்டுப் பாடினார்கள் என்று மத்தேயுவிலேயே இருக்கிறது (26:30). சங்கீதம், கீர்த்தனை, ஞானப்பாட்டு என்று மூன்றைப் பவுல் கொலோசெயருக்குச் சொல்கிறார்.

வேதத்துக்கு வெளியேயும் சாட்சி உண்டு. இன்றைய துருக்கியின் வடபகுதியை ரோமுக்காக ஆண்ட பிளினி, கி.பி. 112 வாக்கில் பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிடிபட்ட கிறிஸ்தவர்கள் என்ன சொன்னார்களாம்? குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாக வைத்து மாறிமாறிப் பாடினோம், தவறு செய்யமாட்டோம் என்று உறுதி எடுத்தோம், அவ்வளவுதான் என்று. இது உண்மையா என்று அறிய, சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களை அவர் சித்திரவதை செய்தார். அந்த வரியைக் கடந்து போக எனக்கு இன்னும் முடியவில்லை.

அந்த 'மாறிமாறி'யில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு வாசிக்கத் தெரியாது, கையில் பாட்டுப் புத்தகமும் கிடையாது. ஒருவர் சங்கீதத்தை எடுத்துக்கொடுப்பார், சபையார் ஒரே அடியைத் திருப்பிப் பாடுவார்கள். 136ஆம் சங்கீதத்தைப் பாருங்கள், 26 வசனமும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடியும்.

கி.பி. 356 பிப்ரவரியில் ஓர் இரவு, எகிப்தின் அலெக்சாந்திரியாவில் விழிப்பு ஜெபம் நடந்துகொண்டிருந்தது. உருவிய வாளோடும் வில்லோடும் படைவீரர்கள் ஆலயத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். பேராயர் அத்தனாசியுவைப் பிடிக்க வந்தவர்கள். அவர் தன் இருக்கையில் உட்கார்ந்தார். உதவிக்குருவிடம் சங்கீதம் வாசிக்கச் சொன்னார். ஜனங்கள் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று பதில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகட்டும் என்றார். எல்லாரும் வெளியேறும்வரை தான் நகரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். சுற்றிலும் ஆயுதம் இருக்க, அந்த நேரத்தில் ஜனங்கள் வாயில் வைக்க அவருக்குத் தோன்றியது எல்லாருக்கும் மனப்பாடமான அந்த ஓர் அடிதான்.

வாத்தியம்? பெரும்பாலும் கிடையாது. குழலும் யாழும் அன்றைக்குப் பலிபீடம், நாடக மேடை, குடி விருந்து இவற்றோடு சேர்த்தே பார்க்கப்பட்டதால் சபைப் பெரியவர்கள் ஒதுக்கினார்கள். மெட்டு என்று பார்த்தால், எகிப்தின் ஆக்சிரிங்கஸில் கிடைத்த ஒரே ஒரு பப்பைரஸ் (நாணலில் செய்த பழங்காலத் தாள்) துண்டுதான் நமக்கு மிஞ்சியிருக்கிறது. 3ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது. தானியக் கணக்கு எழுதிய தாளின் பின்பக்கத்தில் கிரேக்கப் பாட்டும், வரிகளுக்கு மேலே சுரக் குறிப்பும். நட்சத்திரங்களும் ஆறுகளும் அமைதியாக இருக்கட்டும், நாங்கள் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியைப் பாடும்போது வல்லமைகள் எல்லாம் ஆமென் சொல்லட்டும் என்று போகிறது அது.

4ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழிப் புலவர் எப்பிரேம் பெண்களுக்குப் பாட்டுக் கற்றுக்கொடுத்துச் சபையில் பாடவைத்தார். அதே நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சங்கம், நியமிக்கப்பட்ட பாடகர்கள் தவிர வேறு யாரும் ஆலயத்தில் பாடக்கூடாது என்று விதி போட்டது. பாடகர் குழுவில் இருப்பவள்தான் நான், ஆனாலும் அந்த விதி எனக்கு வருத்தம் தருகிறது.

நல்லவேளை, வீடுகளில் பாட்டு நிற்கவில்லை. 387இல் ரோமின் துறைமுகமான ஒஸ்தியாவில், பின்னாளில் பேராயரான அகுஸ்தீனின் தாய் மோனிக்கா இறந்தபோது, நண்பர் எவோதியு சங்கீதப் புத்தகத்தை எடுத்து "இரக்கத்தையும் நியாயத்தையும் குறித்துப் பாடுவேன்" என்று தொடங்கினார். வீடு முழுவதும் பதில் பாடியது.

எங்கள் ஆச்சி இறந்த இரவில் இதைக் கண்ணால் பார்த்தேன். அழுகை ஓய்ந்து யாரும் பேசாமல் இருந்தபோது, பக்கத்து வீட்டு அத்தை புத்தகம் இல்லாமலே ஒரு கீர்த்தனையின் பல்லவியை மெதுவாக எடுத்தார்கள். சரணம் பாதிப் பேருக்குத் தெரியாது. பல்லவி திரும்பி வந்தபோதெல்லாம் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆண்களின் குரலும் உள்ளே வந்தது.