வருஷம் பூரா மார்கழி வேணுமாம்!

கேள்வி: சித்திரை வெயில் தாங்க முடியல சார். மார்கழி எப்ப வரும்னு இப்பவே ஏக்கமா இருக்கு. வருஷம் பூரா அப்படியே இருந்துட்டா நம்ம டெல்டா சொர்க்கம்தானே? உங்களுக்கு இந்த ஏக்கமே கிடையாதா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இதே கும்பகோணத்துலேருந்து ஐப்பசியில வர்ற கடிதங்களையும் நான்தான் சார் பிரிச்சுப் படிக்கிறேன். துவைச்ச துணி காயல, சுவரெல்லாம் ஓதம் ஏறுது, நாலு நாள் நல்லா வெயில் அடிச்சா தேவலைன்னு எழுதியிருப்பாங்க. அது நீங்கதான்னு சொல்ல வரல.

உங்க மார்கழி எதுன்னு புரியுது. மங்கி குல்லா, வாசல் அடைச்சு கோலம், சாரங்கபாணி கோயில்ல வெண்பொங்கல், திரும்பி வர்ற வழியில ஒரு டிகிரி காபி. காலையில ஏழு மணிக்குள்ள முடிஞ்சு போற மார்கழி அது. அதே காலையில வண்டியை எடுத்துக்கிட்டு ஊரைத் தாண்டி ஒரு வயக்காட்டு வரப்புல போய் நில்லுங்க. சம்பா கதிர் வந்து பால் பிடிக்கிற நேரம், ராத்திரியில குளிர், விடிய விடிய இலையில பனி, பகல்லயும் மேகம் மூடிக்கிட்டே இருந்துச்சுன்னா நெல்லுல வர்ற பூஞ்சை நோய் குலைநோய், அதுக்கு அதைவிட என்ன வேணும், கதிர்க்கழுத்து கறுத்து மணி பிடிக்காம பதராப் போயிடும். நீங்க "செம க்ளைமேட்"னு ஸ்டேட்டஸ் போடுற நேரத்துல வயல்காரர் ஒவ்வொரு தூரா விலக்கிப் பாத்துக்கிட்டு நிப்பாரு. 2021 ஜனவரி மறந்துடுச்சா? மார்கழி முடியப் போற நேரம், பொங்கல் பக்கத்துல வந்தாச்சு, அப்ப பிடிச்ச மழையில அறுப்புக்கு நின்ன சம்பா தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம்னு எல்லாப் பக்கமும் சாஞ்சு தண்ணியில கிடந்து கதிர்லயே முளை விட்டுச்சு. அதுவும் நீங்க கேக்குற மார்கழிதான்.

பனியால பிரயோஜனமே இல்லன்னும் சொல்ல மாட்டேன். சம்பா அறுக்குறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி ஈர வயல்ல தெளிக்கிற உளுந்தும் பயறும் மண்ணுல மிச்சம் இருக்குற ஈரத்தையும் அந்தப் பனியையும் வச்சே வளந்துடும், தனியா தண்ணி பாய்ச்ச வேண்டியதில்ல. ஆனா அதைப் பறிச்சுப் போட்டு, காய வச்சு, அடிச்சு மூட்டை கட்டணும்னா பங்குனி, சித்திரை வெயில் வேணும்.

இந்த வெயில் மாசங்கள்ல இங்க நடக்குறதைப் பாத்திருக்கீங்களா? ராமநாதபுரம், சிவகங்கை பக்கத்து கீதாரிங்க செம்மறி மந்தையை ஓட்டிட்டு வந்து அறுத்த வயல்ல ராத்திரி அடைச்சுக் கிடை போடுவாங்க, ஆட்டுப் புழுக்கை அடுத்த போகத்துக்கு உரம். ஒரு கோடை மழை விழுந்தா உழவு ஓட்டிப் போடுவாங்க, புரண்ட மண்ணுல கூட்டுப்புழு, கோரைக்கிழங்கு எல்லாம் மேல வந்து வெயில்ல காஞ்சு சாகும். வாய்க்கால் தூர் வாரவும் ஆத்துல தண்ணி இல்லாத இந்த நேரம்தான் (வாருறாங்களா, இல்ல தண்ணி வந்து நிக்கும்போது பொக்லைன் வருதாங்கறதைத் தனிக் கேள்வியா அனுப்புங்க, அதுக்கு ஒரு பக்கம் வேணும்). வேதாரண்யம் உப்பளத்துக்கோ வெயில்தான் முதலாளி. 1930-ல ராஜாஜி ஏப்ரல் 13 அன்னிக்கு திருச்சியில கிளம்பி உங்க கும்பகோணம் வழியா நடந்தே 28-ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேந்தாரு, உப்பு அள்ளப் போனவங்க யாரும் வெயில் தணியட்டும்னு உக்காந்திருக்கல.

அப்புறம் ஏக்கம்னு சொன்னீங்களே, சித்திரையில டெல்டா விவசாயிக்கும் ஏக்கம் உண்டு, குளிருக்கு இல்ல, ஜூன் 12-க்கு. மேட்டூர் திறக்குற வழக்கமான தேதி. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி, இதெல்லாம் டீக்கடையில பேப்பர் பிரிக்கிற எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வாரு, அவருக்குத் தெரிய வேண்டியது இன்னிக்கு எத்தனை அடிங்கறது மட்டும்தான். 2022-ல மே 24-லேயே திறந்தாங்க. 2024-ல ஜூலை 28 வரைக்கும் திறக்கல, போர்வெல் வச்சிருந்தவங்க குறுவை, அதாவது குறுகிய கால நெல், போட்டாங்க, ஆத்துத் தண்ணியை நம்பி இருந்தவங்க சும்மா உக்காந்திருந்தாங்க. அந்தத் தண்ணியும் நம்ம மழையில வர்றது இல்லையே, தென்மேற்குப் பருவமழை குடகுலயும் வயநாட்டுலயும் கொட்டி, கர்நாடகத்துல இருக்குற கபினி, கே.ஆர்.எஸ். அணைங்க நிரம்பி, அங்கேருந்து திறந்து விட்டாத்தான் இங்க ஆறு. வருஷம் பூரா மார்கழியா இருந்தா அந்தப் பருவமழைக்கு எங்க சார் போறது? ஆடிப்பெருக்குக்கு காப்பரிசியை எடுத்துக்கிட்டு படித்துறைக்குப் போனா மணல்தான் இருக்கும்.

எனக்கு ஏக்கம் கிடையாதான்னு கேட்டீங்க. இருக்கு. தை மாசத்துல மேகமே இல்லாம தொடர்ச்சியா மூணு வாரம் வெயில். கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா நெல்லை எடுக்க மாட்டாங்க, மழை பேஞ்ச வருஷம்னா தளர்வு கேட்டு டெல்லிக்கு லெட்டர் போகும், அங்கேருந்து குழு வந்து மாதிரி எடுத்துட்டுப் போகும், உத்தரவு வர்ற வரைக்கும் கொட்டி வச்ச நெல்லைப் பகல்ல கிளறி விட்டுக்கிட்டு ராத்திரியில தார்ப்பாய் போட்டு மூடிக்கிட்டு அங்கேயே படுத்துக் கிடப்பாங்க. அப்ப ஒருநாள் அந்த வாசல்ல போய் நின்னு, மார்கழி இன்னும் ரெண்டு மாசம் நீடிச்சா நல்லா இருக்கும்னு உங்க ஆசையைச் சொல்லிப் பாருங்க. என்ன பதில் கிடைச்சுதுன்னு எழுதி அனுப்புங்க, அச்சுல போடுற மாதிரி இருந்தா போடுறேன்.