ஐந்து பேர் குடும்பம், அவ்வப்போது ஏழு பேர்: நடுத்தர எஸ்யூவி போதுமா, பெரியதே எடுக்கலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், அதில் கடைசிக்கு இரண்டு வயது. தாத்தா பாட்டி அடிக்கடி வந்து தங்குவார்கள். மூன்று வரிசை இருக்கை உள்ள நடுத்தர எஸ்யூவி ஒன்று, அதைவிட ஓர் அளவு பெரியது ஒன்று, இரண்டில் எதை எடுப்பது?

உங்கள் நிலைமையில் நான் பெரியதை எடுப்பேன். ஆனால் இரண்டே பிள்ளைகள் உள்ள ஒருவர் இதைக் கேட்டிருந்தால், தாத்தா பாட்டி வந்து போனாலும் சரி, நடுத்தரமே போதும் என்றுதான் சொல்லியிருப்பேன். ஏன் ஒரே ஒரு பிள்ளையில் பதில் இப்படிப் புரள்கிறது என்பதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது நடுத்தரம். அண்ணன் வீட்டில் பெரியது. யாருக்கு என்ன தேவையோ அதற்கேற்ப சாவியை மாற்றிக்கொள்வோம், ஆகவே இரண்டு வண்டியிலும் ஓட்டுநர் இருக்கை முதல் கடைசி வரிசை வரை எல்லா இடத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். அண்ணி இன்றும் நெரிசலான இடத்துக்குப் போவதென்றால் எங்கள் வண்டியைத்தான் கேட்பார்கள், அதையும் பிறகு சொல்கிறேன்.

முதலில் அளவு. நான் இங்கே நடுத்தரம் என்று சொல்வது சுமார் 4.7 முதல் 4.95 மீட்டர் வரை நீளமுள்ள வண்டிகளை, பெரியது என்பது 5 மீட்டரைத் தொடுவதும் தாண்டுவதும். 15, 20 சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். டொயோட்டாவின் ஹைலேண்டரையும் 2023-ல் வந்த கிராண்ட் ஹைலேண்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது 4.95 மீட்டர், இரண்டாவது 5.12 மீட்டர், வெளியில் வித்தியாசம் ஒரு சாண் கூட இல்லை. ஆனால் மூன்றாம் வரிசையில் கால் வைக்கும் இடம் சுமார் 70 சென்டிமீட்டரிலிருந்து 85 ஆகிறது, அந்த வரிசைக்குப் பின்னால் உள்ள டிக்கி ஏறத்தாழ 450 லிட்டரிலிருந்து 580 லிட்டர் ஆகிறது. முன் வரிசைக்கும் நடு வரிசைக்கும் நடுத்தர வண்டியிலேயே போதுமான இடம் இருந்துவிடுவதால், கூட்டுகிற நீளம் பெரும்பாலும் கடைசி வரிசைக்கும் அதன் பின்னால் இருக்கும் சாமானுக்கும்தான் போகிறது. ஆக, நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்தப் பின்பாதியைத்தான், மற்றபடி எஞ்சின், திரை, ஸ்பீக்கர் எல்லாம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே.

ஏழு இருக்கை என்று விளம்பரத்தில் போடுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். நிறைய நடுத்தர வண்டிகளில் கடைசி வரிசையில் தரை உயரமாக இருக்கும், இருக்கை அதற்கு ஒட்டித் தாழ்வாக இருக்கும், உட்கார்ந்தால் முழங்கால் மார்புக்கு அருகே வந்துவிடும். கால் வைக்க எத்தனை சென்டிமீட்டர் என்ற கணக்கு இதைக் காட்டாது, ஏனென்றால் அந்தக் கணக்கில் இருக்கையின் உயரம் தனியாகத் தெரியாது. பின் சக்கரங்களுக்கு நடுவே நீளமான ஒற்றை அச்சு ஓடும் வண்டிகளில் அது மேலும் கீழும் அசைய இடம் விட வேண்டும், அதனால் தரையை உயர்த்தித்தான் கட்ட முடியும். 2021 மாடல் செவர்லே டஹோவில் அந்த அச்சை எடுத்துவிட்டு ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்த பிறகுதான் அதன் கடைசி வரிசை பெரியவர்கள் நிம்மதியாக உட்காரும்படி ஆனது. அதனால் பெரிய வண்டி என்றாலே பின்னால் வசதியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம், உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் மூன்று பிள்ளைகள் விஷயம். இதுதான் முக்கியம்.

இரண்டு வயதுக் குழந்தைக்குக் கண்டிப்பாகச் சைல்டு சீட். மற்ற இருவருக்கும் வயது என்ன என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் பூஸ்டர் சீட்டாவது வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். ஐ-சைஸ் என்ற ஐரோப்பிய சைல்டு சீட் விதிப்படி செய்த சீட்டுகள் அதிகபட்சம் 44 சென்டிமீட்டர் அகலம், மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 132. நடுத்தர எஸ்யூவியின் நடு வரிசை தோள்மட்டத்தில் 145 சென்டிமீட்டர் இருக்கலாம், காகிதத்தில் இடம் இருக்கிறது. நிஜத்தில் நடு இருக்கை ஓரத்து இருக்கைகளைவிடக் குறுகலாக இருக்கும், சைல்டு சீட்டைப் பெல்ட் இல்லாமல் நேரடியாக வண்டியோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் இரண்டு ஓரங்களில் மட்டும்தான் இருக்கும், சீட்டை வைத்ததும் பெல்ட் மாட்டும் பக்கிள் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். மூன்று சீட்டையும் ஒரே வரிசையில் வைத்து, மழையில் நின்றுகொண்டு நடுப்பிள்ளைக்குப் பெல்ட் போட்டுப் பார்த்தவர்கள் யாரும் அதை விரும்பிச் செய்ய மாட்டார்கள்.

சரி, ஒருவரை மூன்றாம் வரிசைக்கு அனுப்பலாம். அனுப்பினால் அந்த வரிசை எப்போதாவது விரிக்கிற வரிசை இல்லை, தினமும் விரித்தே இருக்கிற வரிசை. நடுத்தர வண்டியில் அது விரிந்து இருந்தால் டிக்கியில் குழந்தையின் தள்ளுவண்டி ஒன்றும் இரண்டு பையும் போனால் அதிகம். இரண்டு பிள்ளைகள் உள்ளவருக்கு இந்தப் பிரச்சினை வருவதே இல்லை: கடைசி வரிசை மடங்கிக் கிடக்கும், டிக்கி பெரிதாக இருக்கும், விருந்தாளி வரும் நாளில் மட்டும் விரித்துச் சமாளித்துக்கொள்ளலாம். உங்களுக்கு அந்த வசதி இல்லை. நான் பெரியதைச் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுவே.

இன்னொரு சங்கதி, நடு வரிசையில் சைல்டு சீட் மாட்டியிருக்கும்போது அந்த இருக்கையை மடித்துப் பின்னால் போக முடிகிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் சீட்டைக் கழற்றாமலேயே இருக்கை முன்னால் சாய்ந்து நகரும், சிலவற்றில் கழற்றியே ஆக வேண்டும். நடு வரிசையில் பெஞ்சுக்குப் பதில் இரண்டு தனி இருக்கைகள் வைத்த வண்டி என்றால் நடுவில் இருக்கும் சந்து வழியாகப் பிள்ளைகள் புகுந்து போய்விடும், நீங்கள் ஐவர் மட்டும் போகும்போது ஓர் இருக்கை குறைந்தாலும் பரவாயில்லை. மூன்றாம் வரிசையில் ஐசோஃபிக்ஸ் இருக்கிறதா, சைல்டு சீட்டின் மேல்பட்டையை மாட்டும் கொக்கி இருக்கிறதா என்பதையும் கையால் தடவிப் பாருங்கள், பல வண்டிகளில் இரண்டும் இருக்காது.

தாத்தா பாட்டி வந்தால்? அவர்களைப் பின்னால் ஏற்றவே கூடாது என்பது என் கட்சி. ஏறும்போது குனிந்து, திரும்பி, ஒரு காலை முதலில் வைத்து உள்ளே நுழைய வேண்டும், மூட்டுவலி உள்ளவர்களுக்கு அது தண்டனை. அவர்கள் நடு வரிசையில், பெரிய பிள்ளைகள் இருவரும் பின்னால், கடைக்குட்டி நடு வரிசையில் பாட்டி பக்கத்தில் என்றுதான் வைக்க முடியும். அப்படியென்றால் நடு வரிசையிலும் மூன்று பேர் உட்கார வேண்டும், தனி இருக்கை வண்டி அடிபட்டுப் போகிறது, பெஞ்சுதான். அல்லது தாத்தா முன்னால், உங்களில் ஒருவர் நடுவில். இதைக் காகிதத்தில் படம் போட்டு, யார் எங்கே என்று பெயர் எழுதிப் பாருங்கள். கேலியாகச் சொல்லவில்லை, இரண்டில் எந்த வண்டி என்பது பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

எடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் மொத்தம் எவ்வளவு எடை வரை போகலாம் என்று ஒரு வரம்பு உண்டு, பெரும்பாலும் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அல்லது கையேட்டில் இருக்கும். அதிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் ஆட்களும் சாமானும் சேர்ந்த கணக்கு. உங்கள் குடும்பத்துக்குப் போட்டுப் பார்ப்போம்: பெரியவர்கள் நான்கு பேர் தலைக்கு 75 கிலோ என்றால் 300, மூன்று பிள்ளைகளும் அவர்கள் சீட்டுகளும் சேர்த்து 110, ஆளுக்கு 15 கிலோ பெட்டி என்றால் 105. இதுவே 515 கிலோ. கூரையில் ஒரு பெட்டி மாட்டி அதில் சாமான் ஏற்றினால் 580-ஐத் தாண்டும். நிறைய நடுத்தர வண்டிகளின் வரம்பு இதற்கு மிக அருகில்தான் இருக்கிறது. கூரைக்கும் தனி வரம்பு உண்டு, பொதுவாக 75 முதல் 100 கிலோ, அதில் பெட்டியைத் தாங்கும் கம்பியின் எடையும் பெட்டியின் எடையும் அடக்கம். டிரெய்லர் இழுப்பவர் என்றால் கொக்கியின் மேல் அது அழுத்தும் எடையையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். எடை தாண்டினால் வண்டி நின்றுவிடாது, அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை, ஆனால் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும், டயர் சூடேறும், பின்பக்கம் தாழ்ந்து முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

டிக்கி லிட்டர் கணக்கை ஒப்பிடும்போது ஒரு கவனம். ஐரோப்பாவில் 20க்கு 10க்கு 5 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு லிட்டர் கட்டைகளை அடுக்கி எண்ணுவார்கள், அமெரிக்காவில் வேறு முறை. ஜன்னல் மட்டம் வரை அளந்தார்களா கூரை வரை அளந்தார்களா என்பதும் மாறும். ஒரே நிறுவனத்தின் இரண்டு வண்டிகளை ஒப்பிடலாம், வேறு வேறு நிறுவனம் என்றால் உங்கள் தள்ளுவண்டியையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய் வைத்துப் பார்ப்பதுதான் வழி.

பெரிய வண்டியின் பாதுகாப்பு பற்றி நிறையப் பேர் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. இரண்டுமே நல்ல சோதனை முடிவு வாங்கிய நவீன வண்டிகள் என்றால், இருநூறு முந்நூறு கிலோ கூடுதல் எடைக்காக மட்டும் பெரியதை எடுக்க வேண்டியதில்லை. வெளியில் நடப்பவர்களுக்கு ஆபத்து கூடுகிறது என்பதையும் யோசிக்க வேண்டும்: அமெரிக்காவில் வண்டிகளை மோதவிட்டுச் சோதிக்கும் ஐஐஎச்எஸ் அமைப்பு 2023-ல் வெளியிட்ட ஆய்வில், பானட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு, அதாவது சுமார் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்த வண்டிகள், 30 அங்குலமோ அதற்குக் கீழோ உள்ள சாய்வான முகப்பு வண்டிகளைவிட, பாதசாரி மீது மோதினால் அவர் உயிரிழக்கும் வாய்ப்பை 45 சதவீதம் கூட்டுகின்றன என்று வந்தது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை, வாசலில் வண்டி. முன்னாலும் பின்னாலும் கேமரா இல்லாத பெரிய வண்டியை நான் தொடமாட்டேன். அப்புறம், மோதலில் ஜன்னலோரம் திரைபோல விரியும் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் மூன்றாம் வரிசை வரை நீள்கிறதா, அந்த வரிசையில் தலைக்கும் பின்கண்ணாடிக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதைப் பாருங்கள். மோதல் சோதனைகளில் பொம்மைகளை முன் வரிசையிலும் நடு வரிசையிலும்தான் உட்கார வைக்கிறார்கள், அந்தச் சோதனையில் கொடுக்கும் நட்சத்திரங்கள் கடைசி வரிசையைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

எரிபொருள் செலவு, டயர் செலவு எல்லாம் கூடத்தான் செய்யும். நின்று நின்று போகும் போக்குவரத்தில் எடை தின்னும், வேகமான சாலையில் காற்றைப் பிளக்கும் முகப்பின் பரப்பு தின்னும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: நடுத்தரத்தை வாங்கி வருடம் முழுவதும் கூரையில் பெட்டியோடு ஓட்டுவதாக இருந்தால் மைலேஜில் நீங்கள் மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும்.

பார்க்கிங்தான் அண்ணி எங்கள் வண்டியைக் கேட்பதற்குக் காரணம். நீளத்தைவிட அகலம்தான் தொல்லை. இரண்டு மீட்டர் அகல வண்டியை இரண்டரை மீட்டர் கட்டத்தில் நிறுத்தினால், பக்கத்துக்கு 25 சென்டிமீட்டர், அந்த இடுக்கில் கதவைத் திறந்து குழந்தையைத் தூக்கி சைல்டு சீட்டில் வைக்க வேண்டும். வாங்கும் முன் டேப் எடுத்து, நீங்கள் தினமும் நிறுத்தும் இடத்தின் நீளம், அகலம், கூரை உயரம் மூன்றையும் அளந்துவிடுங்கள், டிக்கிக் கதவு மேலே தூக்கத் தேவைப்படும் இடத்தையும் சேர்த்து. இடம் போதவில்லை என்றால் நான் மேலே சொன்ன எதுவும் செல்லாது, நடுத்தரம்தான்.

கேட்காததைச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், தள்ளுகதவு வைத்த எம்பிவி, அதாவது வேன் போன்ற குடும்ப வண்டி, ஏன் உங்கள் பட்டியலில் இல்லை? தரை தாழ்வு, பாட்டி சிரமமில்லாமல் ஏறுவார்கள், குறுகிய பார்க்கிங்கிலும் கதவு முழுவதும் திறக்கும், கடைசி வரிசைக்குப் பின்னால் டிக்கியும் இருக்கும். கரடுமுரடான பாதை, பனி, கனமான டிரெய்லர் இதெல்லாம் உங்கள் வாழ்க்கையில் இல்லை என்றால் ஒருமுறை ஓட்டியாவது பாருங்கள். தோற்றம் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அதுவும் ஒரு காரணம்தான்.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். பிள்ளைகள், தாத்தா பாட்டி, சைல்டு சீட், தள்ளுவண்டி எல்லாவற்றோடும் போய், நீங்களும் ஒருமுறை கடைசி வரிசையில் உட்கார்ந்து வேகத்தடைகள் உள்ள சாலையில் போய்ப் பாருங்கள். பின்னால் குளிர்காற்று வருகிறதா என்று அங்கேதான் தெரியும்.

கடைசியாக, நடுத்தரத்தின் உச்ச மாடலும் பெரியதன் அடிப்படை மாடலும் கிட்டத்தட்ட ஒரே விலையில் வந்து நிற்பது வழக்கம். விற்பவர் உச்ச மாடலின் தோல் இருக்கையையும் பெரிய கூரைக் கண்ணாடியையும் காட்டி இழுப்பார். உங்களுக்கு நான் சொல்வது பெரியதன் அடிப்படை மாடல், கடைசி வரிசைக்கு ஏசி துவாரமும் திரை ஏர்பேக்கும் அந்த மாடலிலேயே இருக்கும் பட்சத்தில். 20 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் 18 கிடைத்தால் அதுவும் நல்லதே, டயர் மலிவு, பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் பின்னால் உட்காரும் பிள்ளைகளுக்குக் குலுக்கலும் குறைவு.