ஏறும் கரப்பானுக்கு எது தடை?

கேள்வி: அரவானா மீனுக்குத் தீனியாக லாப்ஸ்டர் கரப்பான் வளர்க்கிறேன். பிளாஸ்டிக் பெட்டியின் உள்விளிம்பில் வாசலின் தடவியிருந்தும் காலையில் இரண்டு மூன்று வெளியே திரிகின்றன. எங்கள் வீட்டில் இரண்டாங்கட்டு முழுக்கப் பாத்திரமும் மரச்சாமானும்தான். அங்கே போய்க் குடியேறிவிடுமோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். வாசலினைத் தடிமனாகப் பூசினால் சரியாகுமா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: தடிமனாகப் பூசாதீர்கள். அதனால் கெடுதல்தான் அதிகம்.

வீட்டாரின் பயம் நியாயமானது. இந்தக் கரப்பான் முட்டைக்கூட்டை எங்கும் இட்டுவிட்டுப் போவதில்லை. வயிற்றில் சுமந்து குஞ்சாகவே ஈனும். ஓர் ஈற்றுக்குச் சுமார் 30 குஞ்சுகள். சினையாக ஒன்று தப்பினால் போதும். இது பெருக 28 முதல் 32 டிகிரி சூடு வேண்டும், அது நம் பக்கத்து வீடுகளில் ஹீட்டர் இல்லாமலே இருக்கிறது.

கால் நகங்களுக்கு நடுவில் இதற்கு ஒரு மெத்தையான திண்டு உண்டு. அதில் கசியும் ஈரத்தால்தான் கண்ணாடியில்கூட ஒட்டி ஏறுகிறது. வாசலின் அந்தத் திண்டில் படிந்து பிடிப்பைக் கெடுக்கும். அதற்கு விரலால் இழுத்த மெல்லிய படலமே போதும். அகலம் மட்டும் 7 செ.மீ.க்குக் குறையக் கூடாது. தடிமனாக இருந்தால் குஞ்சுகள் சிக்கிச் சாகும், சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அது இளகிக் கீழே வழியும். தீவனத் தூளும் எச்சமும் ஒட்டிக் காய்ந்துவிட்டால் கரப்பான் ஏற அதுவே பாதை. ஆகவே பழைய பூச்சின் மேல் பூசாமல், துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள்: கோடையில் 15 நாளுக்கு ஒருமுறை, மற்ற காலத்தில் மாதம் ஒருமுறை. கரப்பான் ஒளிந்துகொள்ள உள்ளே வைக்கும் கோழிமுட்டை அட்டைகள் பக்கச்சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளியும், பூச்சுக்குக் கீழேயே முடியும்படியும் நிற்கட்டும்.

இவ்வளவு செய்தாலும் ஏறும் இனத்துக்குப் பூச்சு இரண்டாவது காவல்தான். முதல் காவல் மூடி. நான்கு பக்கமும் கிளிப் உள்ள மூடியாக வாங்குங்கள். காற்றுக்கு மூடியில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு ஓட்டை வெட்டி, கண் 1 மி.மீ.க்கு மேல் போகாத ஸ்டீல் வலையைச் சிலிக்கான் பசையால் ஒட்டுங்கள். நைலான் கொசுவலை வேண்டாம், கடித்துவிடும். பசையின் புளித்த வாடை முழுதும் போன பிறகே பூச்சிகளை விடவேண்டும்.

தப்புவது பெரும்பாலும் மூடியைத் திறக்கும் நேரத்தில்தான். பகலில், விளக்கைப் போட்டுத் திறந்தால் அவை அட்டைக்குள் ஒடுங்கும். இரவில் மூடியின் அடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். திறக்குமுன் மூடியை நாலு தட்டுத் தட்டுங்கள். பெட்டியை ஒரு பெரிய தொட்டிக்குள் வைத்து, சுற்றிலும் இரண்டு விரல்கடைத் தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து விடுங்கள். அலமாரிக் காலுக்கு எறும்புக்காகத் தண்ணீர் வைப்போமே, அதே வேலைதான். வெறும் தண்ணீரை நீந்திக் கடந்துவிடும். சோப்புத் தண்ணீரில் மூழ்கும்.

கேள்வி: வாசலினுக்குப் பதில் டால்கம் பவுடர் பூசலாம் என்கிறார்களே? கேரம்போர்டு பவுடர் கையில் இருக்கிறது. (வாசகர், காரைக்குடி)

பதில்: கேரம்போர்டு பவுடரைத் தொடவே வேண்டாம். அந்தப் பெயரில் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது போரிக் பவுடர். கரப்பானைக் கொல்லும் மருந்தே அதுதான். காலில் ஒட்டியதை அது நக்கும்போது வயிற்றுக்குள் போகும். சில நாளில் கூட்டமே அழியும், செத்ததைத் தின்றால் மீனுக்கும் ஆகாது.

வாசனை சேர்க்காத டால்கம் என்றால் சரி. மெடிக்கல் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை அதில் விட்டு, கெட்டித் தயிர் பதத்துக்குக் குழைத்து, பிரஷ்ஷால் ஒரே சீராக இழுங்கள். சில நிமிடத்தில் உலர்ந்து வெள்ளைப் படலமாக நிற்கும். கால் வைத்ததும் துகள் உதிர்வதால் பிடி கிடைக்காது. ஆல்கஹால் தீப்பிடிக்கும், அடுப்படியில் செய்யாதீர்கள். சானிடைசர் ஜெல் உதவாது. அதிலுள்ள கிளிசரின் உலராமல் பிசுபிசுக்கும். கோடைக்கு வாசலினைவிட டால்கமே நல்லது, வெயிலுக்கு இளகாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் கோத்துக் கட்டியாகிவிடும். அந்த இரண்டு மாதமும் வாசலினுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏறாத இனம் என்று சொல்லி டூபியா என்ற தீனிக் கரப்பானைத் தந்தார்கள். அதுவும் சுவரில் ஏறுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: அப்படி முடிவு கட்டவேண்டாம். நன்கு கழுவித் துடைத்த கண்ணாடி டம்ளரில் பெரிதும் சிறிதுமாக நாலைந்தை விட்டுப் பாருங்கள். டூபியா என்றால் வழுக்கி விழும். டம்ளரில் விழுந்து பெட்டியில் ஏறினால் குற்றம் சுவரில்: போர்வெல் தண்ணீர் காய்ந்த உப்புப் படிவு, கீறல், டேப்பின் விளிம்பு எல்லாமே நகத்துக்குப் பிடி. வினிகர் தொட்டுத் துடைத்தால் உப்புப் படிவு போய்விடும். இனி பெட்டிக்குள் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி, ஈரத்துக்குக் கேரட் துண்டு போடுங்கள்.

கேள்வி: பெட்டியில் சேரும் எச்சத்தைச் செடிக்குப் போடலாமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: போடலாம், நல்ல உரம். ஆனால் அள்ளியவுடன் கொட்டாதீர்கள். பிறந்த குஞ்சுகள் அந்தத் தூளுக்குள்தான் கிடக்கும். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, நல்ல வெயிலில் மொட்டைமாடியில் ஒரு முழுநாள் போடுங்கள். மழைநாளில் பக்கெட்டில் கொட்டி மூழ்கும்வரை கொதிநீர் ஊற்றி, ஆறியபின் செடிக்கு விடலாம். அள்ளும்போது மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூள் சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பும்.