தாயாக வந்தவர் கூலி கேட்டாரா?

கேள்வி: என் மகளுக்கு இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. இப்போது ஏழாம் மாதம். தெரிந்தவர் மூலம் வந்த மாந்திரீகர், "இது கெடுதல் செய்யாத, காக்கிற மந்திரம்" என்று சொல்லி, யந்திரத் தகடு எழுதிப் பூசை செய்ய 40,000 ரூபாய் கேட்கிறார். செய்யாவிட்டால் பிள்ளைக்கு ஆகாதாம். மருமகனோ, கடவுளாவது மந்திரமாவது என்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை. ஆபத்தில் தெய்வம் இறங்கி வராதா?
- ஒரு தாய், கரூர்

பதில்: வரும் என்று நம்புகிறவள்தான் அம்மா நானும். எப்படி வரும் என்று திருச்சி மலைக்கோட்டைக் கதை சொல்கிறது. பிள்ளைத்தாச்சி ரத்தினாவதி இடுப்புவலியில் துடிக்கிறாள். பேறுகாலம் பார்க்கக் கிளம்பிய அவள் அம்மா, காவிரி வெள்ளத்தால் அக்கரையில் மாட்டிக்கொள்கிறாள். சிவன் அந்த அம்மாவின் உருவிலேயே வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து பெற்றவள் வாசலில் வந்து நின்றதும் மறைந்துவிட்டார். தாயுமானவர் என்ற பெயர் அப்படி வந்ததுதான். இன்றும் சுகப்பிரசவத்துக்கு அவரிடம் வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள்.

வெந்நீர் வைக்கவும் முதுகு நீவவும் அங்கே ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளாகவே வந்தார். கூலி கேட்கவில்லை, மிரட்டவும் இல்லை. வாயும் வயிறுமாக இருக்கும் பெண்ணின் வீட்டில் வந்து "பிள்ளைக்கு ஆகாது" என்கிற வாயிலிருந்து நல்ல மந்திரம் எப்படி வரும்? கோபமாக வருகிறது எனக்கு. அந்த 40,000 பேறுகாலச் செலவுக்கு இருக்கட்டும்.

மனசு கேட்கவில்லை என்றால் தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கத்தில் இருக்கிற திருக்கருகாவூருக்குப் போய்வாருங்கள். முனிவரின் மனைவி வேதிகையின் கலைந்த கருவைக் குடத்தில் வைத்துக் காத்தவள் அங்கிருக்கும் கர்ப்பரட்சாம்பிகை. மகளை அலைக்கழிக்க வேண்டாம், நீங்கள் போனால் போதும். அங்கே தருகிற விளக்கெண்ணெயை மகள் வயிற்றில் மேலுக்குத் தடவட்டும், உள்ளுக்கு வேண்டாம். மருமகனிடம் இதற்காக வாதாடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு அவரும், கோயிலுக்கு நீங்களும் ஓடுவது ஒரே பிள்ளைக்காகத்தானே?

அப்புறம், முன்பு கரு கலைந்தபோது எடுத்த ரிப்போர்ட்டுகளை இப்போது பார்க்கிற டாக்டரிடம் காட்டினீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே காட்டுங்கள். முகமும் கையும் திடீரென்று வீங்கினாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒன்பதாம் மாதம் வரை காத்திருக்காமல் இப்போதே மகளோடு போய் இருங்கள். உங்கள் காவிரியில் இன்னும் வெள்ளம் வரவில்லை.