செயலி கேட்கிற வேகத்தை யாழ்ப்பாண வெயிலில் பிடிக்க முடியவில்லை, என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் அண்ணை. எனக்கு 36 வயது, கோண்டாவிலில் இருக்கிறேன். அலுவலக வேலை, இரண்டு பிள்ளைகள். மாசி மாதம் அரை மரதனை 2 மணி 5 நிமிடத்தில் ஓடி முடித்தேன். இன்னும் 14 கிழமையில் கொழும்பில் முழு மரதன் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். போனில் ஒரு செயலி போட்டுத் தந்த அட்டவணைப்படி கிழமைக்கு நாலு நாள் ஓடுகிறேன். இலேசான ஓட்டத்துக்கே கிலோமீற்றருக்கு 6.15 (6 நிமிடம் 15 செக்கன்) கேட்கிறது. எனக்கு 7 நிமிடம் எடுக்கிறது, அதிலேயே நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை 16, 18 கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்தால் தலையிடி, பகல் முழுக்கப் படுக்கை, மனைவியிடம் பேச்சும் வாங்குகிறேன். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு 6 மணிக்கு வெளிக்கிடுவேன், கையில் அரை லீற்றர் தண்ணிப் போத்தல். மாசியில் இருந்ததை விட மோசமாகிவிட்டேனா? நல்லூர்த் திருவிழாவுக்கு விரதமும் பிடிப்பேன், அதை எப்படிச் சமாளிப்பது?

பதில்: மோசமாகவில்லை. மாசியில் ஓடியதை இப்போது ஆடியில் ஓடிப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். அதோடு உங்கள் அட்டவணையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது, முதலில் அதைப் பார்ப்போம்.

அரை மரதனை 2 மணி 5 நிமிடத்தில் ஓடினீர்கள் என்றால் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 5.55. அந்த நேரத்தை வைத்து முழு மரதனுக்கு வழக்கமாகப் போடுகிற கணக்கில் 4 மணி 20 நிமிடம் வரும், அதாவது கிலோமீற்றருக்கு 6.10, 6.15. இப்போது பாருங்கள், செயலி இலேசாக ஓடு என்று சொல்கிற 6.15 உண்மையில் உங்கள் மரதன் வேகம், அதுவும் குளிரான நாளில், எல்லாம் சரியாக அமைந்தால் வருகிற வேகம். அதைக் கிழமைக்கு மூன்று நாள் இலேசான ஓட்டம் என்ற பெயரில் ஓடினால் யாருக்குத்தான் நெஞ்சு அடிக்காது? உங்கள் இலேசான வேகம் நல்ல குளிரிலேயே 6.45, 7 நிமிடம் அளவில்தான் இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் 7.15, 7.30 ஆனாலும் ஒரு குறையும் இல்லை. பதிவு செய்யும்போது வேறு ஏதாவது இலக்கு நேரத்தை ஆசையாகப் போட்டுவிட்டீர்களா என்றும் ஒருக்கால் பாருங்கள், பலர் செய்கிற வேலை அது.

அடுத்தது வெயில். மாசியில் இங்கே விடியற்காலை 22, 23 பாகைக்கு இறங்கும், வாடைக்காற்றின் மிச்சமும் இருக்கும். ஆடியில் விடியப்புறத்திலேயே 27, 28, காற்றில் ஈரமும் அதிகம். ஓடும்போது தசைக்கும் இரத்தம் வேண்டும், உள்சூட்டை வெளியே தள்ளத் தோலுக்கும் இரத்தம் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து அனுப்ப இதயம் கூடுதலாக அடிக்கிறது. வியர்த்து இரத்தத்தின் நீர்ப்பங்கு குறையக் குறைய இன்னும் கூட அடிக்கிறது. அதனால்தான் ஒரே வேகத்தில் ஓடினாலும் முதல் கிலோமீற்றரில் 140 காட்டுகிற கைக்கடிகாரம் பன்னிரண்டாவதில் 160 காட்டும். உடம்பில் இருந்து சொட்டி நிலத்தில் விழுகிற வியர்வையால் உடம்பு குளிர்வதும் இல்லை, தோலில் இருந்து ஆவியாகிற வியர்வைதான் குளிர்விக்கும். காற்று ஈரமாக இருக்கிற நாளில் ரீசேட்டைப் பிழிந்து ஊற்றலாம் போல இருக்கும், சூடு மட்டும் இறங்காது.

இதற்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. 10, 14 நாள் தொடர்ந்து சூட்டில் ஓடினால் உடம்பு பழகிக்கொள்ளும்: இரத்தத்தின் நீர்ப்பங்கு கூடும், வியர்வை முந்தி வரும், அதில் உப்பும் குறையும். கொழும்பும் புழுக்கமான ஊர்தான், ஆகவே இந்தப் பழக்கம் அங்கே கைகொடுக்கும். ஆனால் பழகுவதற்கு வேகம் தேவையில்லை, நேரம்தான் தேவை.

ஆகவே வேகத்தை விட்டுவிட்டு மூச்சைப் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் ஓடினால் அவரோடு முழு வசனமாகக் கதைக்க முடிகிறதா? தனியே ஓடுகிறவர் என்றால் தெரிந்த தேவாரத்தில் ஓர் அடியைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் மூச்சு முறிந்தால் வேகம் கூட என்று அர்த்தம். ஒழுங்கைக்குள் இருக்கிறவர்கள் பைத்தியம் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும், விடிய நாலரைக்கு ஓடுகிறவனைப் பற்றி ஏற்கெனவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாலு நாளில் ஒரேயொரு நாள் மட்டும், வியாழன் என்று வைத்துக்கொள்வோம், 10, 15 நிமிடம் மெதுவாக ஓடிவிட்டு 6 நிமிடம் விரைவு, 2 நிமிடம் நடை என்று நாலு தடவை. மிச்ச மூன்று நாளும் மெதுவாகத்தான்.

ஞாயிறு நீண்ட ஓட்டத்துக்கு 6 மணி என்பது பிந்திய நேரம். 18 கிலோமீற்றருக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும், அப்படியென்றால் கடைசி ஒரு மணித்தியாலமும் நல்ல வெயிலுக்குள். 4.15, 4.30க்கு வெளிக்கிடுங்கள், அதற்காகச் சனி இரவு 9 மணிக்குப் படுக்க வேண்டும். இந்த ஒன்றுதான் கஷ்டமான பகுதி, பயிற்சி எல்லாம் அதற்குப் பிறகுதான். தூரத்துக்குப் பதிலாக நேரத்தைக் கணக்கு வையுங்கள். கிழமைக்கு 15 நிமிடம் போலக் கூட்டி, நாலாவது கிழமை குறைத்து, 3 மணி 15 நிமிடம் வரை கொண்டுவந்தால் போதும். உங்கள் வேகத்துக்கு அது 28 கிலோமீற்றர் அளவில் வரும். 35 ஓடிப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இந்தச் சூட்டில் ஓடிக் கிடைப்பதை விட இழப்பது கூட. கடைசி இரண்டு மூன்று கிழமை ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும்.

எந்தப் பாதை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். நீண்ட ஓட்டம் என்றவுடன் பலர் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போவார்கள். வடிவான பாதைதான், இரண்டு பக்கமும் கடல், சமதரை. ஆனால் சோளகம் வீசுகிற இந்த மாதங்களில் போகும்போது காற்று முகத்தில் அடிக்கும், வேகம் குறையும், உடம்போ குளிர்ந்தபடி இருக்கும். திரும்பும்போது காற்று முதுகில். நீங்கள் ஓடுகிற வேகமும் காற்றின் வேகமும் ஒன்றுக்கொன்று கழிந்துபோய் உடம்பில் காற்றே படாது, சூரியனும் அப்போது கிழக்கே உங்கள் முகத்துக்கு நேரே. மரநிழல் இல்லை, இடையில் கடையும் இல்லை. களைத்துப்போன கடைசி ஒரு மணித்தியாலத்துக்கு இதை விட மோசமான இடத்தைத் தேடிப்பிடிப்பது கஷ்டம். உங்களுக்குக் கோண்டாவிலில் இருந்து உரும்பிராய், கோப்பாய், இருபாலை, திருநெல்வேலி என்று சுற்றி வீட்டு வாசலுக்கே வருகிற பாதை இருக்கிறதே. கேற்றடியில் இரண்டு போத்தல் வைத்துவிட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றை மாற்றிக்கொண்டு போகலாம், ஏலாவிட்டால் அப்படியே வீட்டுக்குள் போகலாம். உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் தோட்டத்துக்கு இறைப்பு நடந்தால் கேட்டுத் தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள், ஆனால் குடிக்க வேண்டாம். பசளையால் நைத்திரேற்று கூடிய கிணறுகள் தோட்டப் பக்கத்தில் உண்டு.

இருட்டில் ஓடும்போது வாகனத்தைப் பார்த்தபடி வலது கரையில் ஓடுங்கள், வெள்ளை உடுப்பும் ஒரு சின்ன லைற்றும் வேண்டும். நாய் வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடவுங்கள், ஓடினால்தான் துரத்தும். கடித்தால், கீறல் என்றாலும், 15 நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணியில் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, தலையிடிக்கு வருவோம். அதற்குப் பெரும்பாலும் காரணம் அந்த அரை லீற்றர் போத்தலும் வெறும் பிளேன்டீயும்தான். ஒரு சோதனை செய்யுங்கள். ஓடப் போகும்முன் உடுப்பில்லாமல் நிறை பாருங்கள், ஒரு மணித்தியாலம் ஓடி வந்து வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் போயிருக்கிறது, இடையில் குடித்ததையும் அதோடு கூட்டுங்கள். உதாரணத்துக்கு 1.1 கிலோ குறைந்து, 300 மில்லிலீற்றர் குடித்திருந்தால் மணித்தியாலத்துக்கு 1.4 லீற்றர். இரண்டேகால் மணித்தியாலத்தில் அது மூன்று லீற்றரைத் தாண்டும், நீங்கள் உள்ளே விட்டதோ அரை லீற்றர். 70 கிலோ ஆளுக்கு இது நிறையில் 3 வீதத்துக்கும் மேல், தலை இடிக்காமல் என்ன செய்யும்?

அதற்காகப் போன அத்தனையையும் குடித்து நிரப்பத் தேவையில்லை. மணித்தியாலத்துக்கு 500 முதல் 700 மில்லிலீற்றர், தாகத்தை ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாக. வெறும் தண்ணியை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்று, வாந்தி, மயக்கம் வரை போகும். ஓட்டம் முடிய நிறை கூடியிருந்தால் கூடக் குடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மெதுவாக ஓடுகிறவர்களுக்குத்தான் இது கூட வரும், குடிக்க அவர்களுக்கு நேரம் நிறைய. இளநீர் போதாதா என்று எல்லாரும் கேட்பார்கள். இளநீரில் பொற்றாசியம்தான் கூட, வியர்வையில் போவது சோடியம், ஆகவே இளநீர் என்றால் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள். மலிவாக, நன்றாக வேலை செய்வது வீட்டுத் தேசிக்காய்த் தண்ணிதான். அரை லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைய உப்பு, ஒரு பாதித் தேசிக்காய். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனி பைக்கற் உப்புக்கு நல்லது, ஆனால் அதில் சீனி குறைவு, ஓடுவதற்கான சக்தி அதில் வராது.

சக்தி என்றால், உடம்பில் சேமித்து வைத்திருக்கிற மாச்சத்து உங்கள் மாதிரி ஓடுகிறவருக்கு இரண்டு, இரண்டரை மணித்தியாலத்துக்குப் பிறகு தட்டுப்படத் தொடங்கும். 30 கிலோமீற்றருக்கு அப்பால் கால் பாரமாகி நடக்க வைப்பதில் பெரும்பங்கு இதற்குத்தான். எனவே ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடுகிற நாளில் மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து வேண்டும். கடையில் விற்கிற ஜெல்தான் வேண்டும் என்றில்லை. மேலே சொன்ன போத்தல் ஒன்று 25 கிராமுக்குக் கிட்ட வரும், ஒரு கதலி வாழைப்பழமோ, கடித்துத் தின்னக்கூடியதாக உடைத்துச் சின்னப் பையில் கட்டிய பனங்கட்டியோ மிச்சத்தைப் பார்க்கும். வயிறு இதற்குப் பழக வேண்டும், ஆகவே இப்போதிருந்தே ஞாயிறுகளில் செய்து பாருங்கள், போட்டியன்று புதிதாக எதையும் வாயில் வைக்கக்கூடாது. வெளிக்கிட அரை மணித்தியாலத்துக்கு முதல் இரண்டு துண்டுப் பாணில் ஜாம் பூசிச் சாப்பிட்டு, பிளேன்டீயைச் சீனி போட்டே குடியுங்கள். சனி இரவு வெள்ளை மா இடியப்பமும் சொதியும், அல்லது சோறு. குரக்கன் புட்டு, கீரை, பயறு எல்லாம் நல்ல சாப்பாடுதான், ஆனால் அன்றிரவு வேண்டாம், விடிய நாலரைக்கு உரும்பிராய் வீதியில் கழிப்பறை தேட வேண்டி வரும். ஓடி முடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் புட்டும் முட்டையும், அல்லது புட்டும் மீன்குழம்பும். பகல் முழுக்கப் படுக்கிறீர்களே, அதில் பாதி இந்தச் சாப்பாட்டோடு போய்விடும். மிச்சப் பாதி வேகத்தைக் குறைத்தால் போகும். 7 மணிக்கு வீட்டில் நின்று, 9 மணிக்குப் பிள்ளைகளோடு கடைக்குப் போகிற ஆளாக இருந்தால் மனைவியின் பேச்சும் குறையும் என்று நினைக்கிறேன், அதற்கு மட்டும் என்னால் உத்தரவாதம் தர ஏலாது.

விரதம். மச்சம் சாப்பிடாமல் இருப்பது ஒரு பிரச்சினையே இல்லை. 25 நாளும் பயறு, கடலை, உழுந்து, தயிர், சோயா என்று நேரத்துக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்காமல் ஒரு மணித்தியாலம் விடுங்கள், இல்லாவிட்டால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு நேரச் சாப்பாட்டோடு இருக்கிற நாள்தான் யோசிக்க வேண்டியது. அந்த நாட்களில் நீண்ட ஓட்டமும் வேண்டாம், விரைவு ஓட்டமும் வேண்டாம், அரை மணித்தியால மெது ஓட்டம் போதும், அதையும் சாப்பிடப் போகிற நேரத்துக்குச் சற்று முன்னால் வைத்துக்கொள்ளலாம். தண்ணியும் குடிக்காத விரதம் என்றால் அன்றைக்கு ஓடாதீர்கள். தேர், தீர்த்தம் இரண்டு நாளும் நானாக இருந்தால் விட்டுவிடுவேன், நாள் முழுக்க நின்று நடந்தே கால் களைத்துவிடும். கோயில் வீதிப் பக்கம் அந்த நாட்களில் ஓடுகிற எண்ணத்தையும் விடுங்கள், சப்பாத்தோடு போகிற இடம் இல்லை அது.

இனி, விளையாட்டாக எடுக்கக்கூடாத மூன்று. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பிலோ பாதத்திலோ விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் நோ, ஓட ஓடக் கூடுகிறது என்றால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள், எலும்பில் வெடிப்பாக இருக்கலாம். நோவுக்கு டைக்குளோபெனக், ஐபுபுரூபென் போன்ற குளிசை போட்டுவிட்டு ஓடாதீர்கள், தண்ணி வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பழுதாக்கும். ஓடும்போது கதை குழறினால், நடை தள்ளாடினால், எங்கே நிற்கிறோம் என்று பிடிபடாவிட்டால் அது வெப்ப அதிர்ச்சி. வியர்த்துக்கொண்டிருந்தாலும் அது வரும். அந்த இடத்திலேயே உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணி ஊற்றத் தொடங்க வேண்டும், வாகனம் வரும்வரை காத்திருக்கக்கூடாது. இதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள். அதோடு, நெஞ்சு அடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வேகத்தைக் குறைத்த பிறகும் தாறுமாறாக அடித்தால், நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு முதலில் ஒரு ஈசிஜி எடுத்துக் காட்டுங்கள்.

கொழும்புக்கு முதல்நாள் இரவு பஸ்ஸில் வெளிக்கிட்டு விடிய இறங்கி ஓடுகிற வேலை வேண்டாம், ஒரு நாள் முந்திப் போய் நின்றுகொள்ளுங்கள். இலக்கு நேரம் 4.20 என்று வைக்காமல் 4.45 முதல் 5 மணி வரை என்று வையுங்கள், முதல் 10 கிலோமீற்றரில் எல்லாரும் முந்திப் போவார்கள், போகட்டும். நாலு கிழமை இப்படி ஓடிவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு நிறை குறைகிறது, எவ்வளவு குடிக்கிறீர்கள், ஞாயிறு ஓட்டத்தின் கடைசி அரை மணித்தியாலம் எப்படி இருந்தது என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள், போட்டி வேகத்தை அப்போது முடிவு செய்யலாம்.